கையெழுத்து வைக்க முன்னர் தெரிந்திருக்க வேண்டிய சில சிங்களச் சொற்கள்

குச்சவெளியில் வளர்ந்தவர்களுக்கு நடக்கும் சிங்கள வகுப்பொன்றுக்குச் சில வாரங்கள் உதவிக்குப் போயிருந்தேன். கொழும்பில் படித்தபோது பழகிய சிங்களம்தான் என் தகுதி. கடையில் விலை கேட்பது, பஸ்ஸில் இடம் கேட்பது என்று பாடம் தயாரித்திருந்தேன். முன்வரிசை அம்மா ஒருவர் மறித்தார்.

"கடையில நான் சமாளிப்பன் பிள்ளை. இதை வாசிக்கப் படிப்பியுங்க."

காணாமலாக்கப்பட்ட மகன் தொடர்பாக ஓர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். முழுக்கச் சிங்களம். முன்பு கொடுத்த வாக்குமூலத்திலும், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்து வைத்ததாகச் சொன்னார்.

"ஏன் நாங்க படிக்க வேணும்? தமிழில அனுப்புறது அவங்கட கடமைதானே" என்றார் பின்வரிசை ஐயா. சரியான கேள்வி.

1956 இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியானது. 1987 இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988 இன் 16ஆவது திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. ஆகவே குச்சவெளியில் தமிழில் பதில் கேட்பது சலுகை அல்ல, உரிமை. மறுத்தால், 1991 இன் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரச கரும மொழிகள் ஆணைக்குழுவில் முறையிடலாம். பொலிஸ் விசாரணையில் கொடுக்கும் வாக்குமூலத்துக்கும் பாதுகாப்பு உண்டு. 1979 இன் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு, எழுதியதைக் காட்டவோ, வாசிக்கவோ, விளங்கும் மொழியில் விளக்கவோ வேண்டும் என்கிறது. விளக்கம் சொல்லவும் சேர்க்கவும் உங்களுக்கு இடமுண்டு.

சட்டம் கையில் இருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் தமிழ் தெரிந்தவர் இல்லை. அரசின் குறையை நிரப்பத்தான் நாங்கள் படிக்கிறோமோ என்ற உறுத்தல் எனக்கும் உண்டு. ஆனாலும் அந்த நேரத்தில் நாலு சொல் தெரிந்திருப்பது உதவும்.

பாடத்தை மாற்றினோம். 'நம' பெயர், 'தினய' திகதி, 'லிபினய' முகவரி, 'அத்சன' கையெழுத்து. பிறகு இரண்டு வசனங்கள்: 'மேகே மொனவத லியலா தியென்னே?' (இதில் என்ன எழுதியிருக்கிறது?), 'தெமலென் கியன்ன' (தமிழில் சொல்லுங்கள்). இரண்டாவதை ஐயாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார்.

அடுத்த கிழமை அந்த அம்மா கடிதத்தில் திகதியையும் மகனின் பெயரையும் தானே விரல் வைத்துக் காட்டினார். பெயரில் ஓர் எழுத்துப் பிழை. திருத்தித் தரும்படி, தமிழிலேயே, அன்று பின்னேரம் கடிதம் எழுதினோம்.