இந்த வீடா, வீடு இந்தவா? ருமேனிய மொழியின் சுட்டுச்சொற்கள்



சுட்டெழுத்து எவை என்று கேட்டால், "அ, இ, உ" என்று மாணவர்கள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். "இந்தப் பையன், இந்தப் பெண், இந்த வீடுகள். எல்லா இடத்திலும் 'இந்த' ஏன் மாறாமல் நிற்குது?" என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே அமைதியாகிவிடும். பழகிப்போன இலக்கணம் கண்ணில் படுவதில்லை. இன்னொரு மொழியோடு ஒப்பிடும்போதுதான் அது தெரியும். அதற்கு லத்தீன் வழிவந்த ருமேனிய மொழியை எடுத்துக்கொள்வோம்.

1. அன்றாடப் பேச்சுக்கு எட்டுச் சொற்கள்

எழுத்து வழக்கில் 'அச்செஸ்ட்' என்றால் இந்த. 'அச்செல்' என்றால் அந்த. பேச்சில் இவை சுருங்கிவிடும்.

அண்மைச் சுட்டு
ஆண்பால்: அஸ்தா (ஒருமை), அஷ்தியா (பன்மை)
பெண்பால்: ஆஸ்தா (ஒருமை), ஆஸ்தெயா (பன்மை)

சேய்மைச் சுட்டு
ஆண்பால்: அலா (ஒருமை), அயா (பன்மை)
பெண்பால்: ஆயா (ஒருமை), ஆலெயா (பன்மை)

(ஒலிப்பு தோராயமானது. முதலில் வரும் 'அ'வை வாயை அதிகம் திறக்காமல் சொல்ல வேண்டும். 'ஆ'வை நன்றாகத் திறந்து சொல்ல வேண்டும்.)

2. சுட்டு எங்கே நிற்கும்?

தமிழில் 'இந்த வீடு' மட்டும்தான் சரி. ருமேனியப் பேச்சில் பெயர் முதலில் வரும், சுட்டு அதன் பின்னால் வரும். அப்போது பெயரோடு, 'குறிப்பிட்ட அந்த ஒன்று' என்று காட்டும் ஒட்டும் சேர வேண்டும்.

ஓம் (மனிதன்) → ஓமுல் அஸ்தா (இந்த மனிதன்)
காஸ (வீடு) → காஸா ஆஸ்தா (இந்த வீடு)

எழுத்து வழக்கில் சுட்டு முன்னாலும் வரலாம்: அச்செஸ்ட் ஓம். இங்கே 'உல்' என்ற ஒட்டு இல்லை, கவனியுங்கள். சுட்டு பின்னால் வந்தால் ஒட்டு கட்டாயம். முன்னால் வந்தால் ஒட்டு கூடாது. இதைப் பிடிச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரிதான்.

3. இரண்டு பக்கமும் சாயும் மூன்றாம் பால்

சில பெயர்கள் ஒருமையில் ஆண்பால் சுட்டையும் பன்மையில் பெண்பால் சுட்டையும் ஏற்கும். நாற்காலி அப்படிப்பட்டது.

ஸ்காவுனுல் அஸ்தா (இந்த நாற்காலி)
ஸ்காவுனெலெ ஆஸ்தெயா (இந்த நாற்காலிகள்)

4. தனித்து வரும் 'ஆஸ்தா'

பால் தெரியாத பொருளையோ ஒரு விஷயத்தையோ சுட்ட, பெண்பால் ஒருமையே போதும். "ச்சே யே ஆஸ்தா?" என்றால் "இது என்ன?" என்று பொருள். "ஆஸ்தா யே" என்பது நம் "அவ்வளவுதான், என்ன செய்யறது" போன்றது. "தே ஆஸ்தா" என்றால் "அதனாலதான்".

5. மரியாதை

ஒருவரை வெறும் 'அலா' என்றோ 'ஆயா' என்றோ சுட்டினால், "அந்த ஆளு", "அந்தப் பொம்பள" என்ற தொனி வந்துவிடும். நமக்கு 'ஆயா' அன்பான சொல்; அங்கே அதே ஒலி மனத்தைப் புண்படுத்தலாம். கடையிலும் அலுவலகத்திலும் "டோம்னுல் அச்செஸ்தா" (இந்த ஐயா), "டுவாம்னா அச்சாஸ்தா" (இந்த அம்மா) என்று முழு வடிவத்தில் சொல்வதே பாதுகாப்பு. நம் 'இவன்', 'இவர்' வேறுபாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

6. தேர்வு மாணவர்களுக்கு

'இந்த' ஏன் மாறுவதில்லை? தமிழில் பெயருக்கு முன் வரும் அடை, பால், எண் காட்டாது. இவன், இவள், இது, இவை என்னும் சுட்டுப்பெயர்களும் வினைமுற்றுமே அவற்றைக் காட்டும். ருமேனியத்தில் சுட்டு அடையாக வந்தாலும் பெயரோடு பொருந்தியே தீர வேண்டும்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. லத்தீனில் பேசுபவர் அருகில், கேட்பவர் அருகில், தொலைவில் என மூன்று சுட்டுகள் இருந்தன. ருமேனியத்தில் இரண்டே நிலைத்தன. நம் 'உ'வும் பொதுவழக்கில் மறைந்து, யாழ்ப்பாணப் பேச்சில் 'உது', 'உவன்' என இன்றும் வாழ்கிறது.

பயிற்சி

ருமேனியப் பேச்சு வழக்கில் சொல்க:
1. அந்த மனிதன்
2. அந்த வீடு
3. அந்த நாற்காலிகள்

விடை: 1. ஓமுல் அலா 2. காஸா ஆயா 3. ஸ்காவுனெலெ ஆலெயா