தூணைத் துருவினால் பர்மா தெரியுமா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் ‘பர்மாத் தேக்கு’ என்ற பேச்சுக்கே தனி மதிப்பு. ஆசாரிகள் ரேகையையும் எடையையும் இழைப்புளி கிளப்பும் வாசனையையும் வைத்து எந்த ஊர் மரம் என்று சொல்வார்கள். சோதனைக்கூடமோ டிஎன்ஏவைக் கேட்கும்.

கேட்பதில் நியாயமும் இருக்கிறது. தேக்கு இயற்கையாக வளர்வது இந்தியா, மியன்மார் (பழைய பர்மா), தாய்லாந்து, லாவோஸ் காடுகளில்தான். மரபணுக்களை ஒப்பிட்டால் இந்திய மரங்கள் ஒரு கூட்டமாகவும் மற்ற மூன்று நாட்டு மரங்கள் இன்னொரு கூட்டமாகவும் பிரிகின்றன. கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2018-இல் தேக்கின் மரபணுத் தொகுப்பை வரைவாக வெளியிட்டார்கள்: சுமார் 32 கோடி டிஎன்ஏ எழுத்துகள், ஏறத்தாழ 36,000 மரபணுக்கள். மனிதனுக்கு எழுத்துகள் 300 கோடி. 2013-இல் படிக்கப்பட்ட ஐரோப்பிய ஸ்ப்ரூஸ் மரத்துக்கோ சுமார் 2,000 கோடி. அதில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் ஒரே பாடம்.

அப்படியானால் தூணைக் கொஞ்சம் சுரண்டி அனுப்பினால் போதாதா? அங்கேதான் சிக்கல். மரம் வளர வளர நடுப்பகுதிச் செல்கள் டெக்டோகுவினோன் போன்ற பொருள்களைச் சேர்த்துவிட்டுச் சாகின்றன. கரையான் கிட்டே வராத ‘வைரம்’ அப்படித்தான் உண்டாகிறது. செல் சாகும்போது டிஎன்ஏவும் துண்டு துண்டாகிவிடும். மிஞ்சியதைப் பிரித்தெடுக்கவும் அந்த வைரப் பொருள்களே இடையூறு. காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு வீடுகளுக்குப் பொறுக்கி எடுத்ததெல்லாம் வைரம் பாய்ந்த மரம். எதற்காக விலை கொடுத்தார்களோ, அதுவே சாட்சியை அழித்துவிட்டது!

பசுங்கணிகத்தின் டிஎன்ஏ ஒரு செல்லிலேயே பல பிரதிகளாக இருப்பதால் பழைய மரத்திலிருந்தும் அதன் சிறு துண்டுகள் சில சமயம் கிடைக்கும். புதிதாக வெட்டிய மரத்தில் இந்த வேலை எளிது. மியன்மார் 2014 ஏப்ரலில் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்தியபின், வரும் மரம் எந்த ஊர் என்று சோதிக்க வேண்டிய தேவையும் கூடிவிட்டது.

பழைய வீட்டில் மாதிரி எடுப்பதென்றால் மெருகேறிய தூணைத் தொட வேண்டாம். நிலைச் சட்டம் சுவருக்குள் மறையும் பக்கத்தில், ஆசாரி சீவாமல் விட்ட வைரம் ஏறாத வெளிப்புற மரம் விரலகலம் இருந்தால், அங்கே துளையிட்டுப் பார்க்கலாம். கரையான் முந்திக்கொள்ளாமல் இருந்தால்.