எடைக்குப் போகும் பேரேடுகள்

செட்டிநாட்டில் ஒரு பெரிய வீடு இடிபடப் போகிறது என்றால் யாருக்கும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. தேக்குத் தூணுக்கு ஓர் ஆள், நிலைக்கதவுக்கு ஓர் ஆள், பீங்கானுக்கும் எனாமல் தூக்குக்கும் வேறோர் ஆள் என்று வந்து நின்றுவிடுவார்கள். அந்தச் சாமான்களெல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நல்ல விலைக்குப் போகும். கடைசியில் மேல்மாடி அறையிலிருந்து, துணியில் கட்டிய கணக்கு மூட்டைகள் இறங்கும். அவற்றை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. தராசில் வைத்து, பழைய பேப்பர் விலை போட்டு எடுத்துப் போகிறார்கள்.

அந்த மூட்டைகளில் இருப்பது ஒரு குடும்பத்தின் வரவு செலவு மட்டுமல்ல. பர்மாவின் ரங்கூனுக்கோ பெகுவுக்கோ வட்டிக்கடை நடத்த மூன்று வருஷத் தவணையில் போன மேலாள், அங்கே கொடுத்ததையும் வாங்கியதையும் ஊரில் இருக்கும் முதலாளிக்குக் கணக்காக எழுதி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் கடைகளுக்கும் அதே வழக்கம்தான். 1942ல் ஜப்பான் படை ரங்கூனுக்குள் நுழைந்தபோது கடைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தார்கள். திரும்பிப் போனவர்களுக்கு 1948 நிலச் சட்டம் ஓர் அடி, 1963க்குப் பிறகு வந்த தேசியமயம் இன்னோர் அடி. பர்மாவில் இருந்த ஏடுகளில் பெரும்பகுதி அங்கேயே போய்விட்டது. மிச்சம் இருக்கும் எழுத்து சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில், வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடுகளில்தான் இருக்கிறது.

நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டித் தொழிலைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி வெளியார் எழுதியது. 1929-30ல் நடந்த பர்மா வங்கி விசாரணைக் குழு, அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும் அவற்றில் புழங்கிய பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. உடனே உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை சரிந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் விளைநிலத்தில் 6 சதவீதம் வைத்திருந்த செட்டியார்கள் கையில் 1938க்குள் 25 சதவீதம் வந்துவிட்டது. பர்மிய அரசியலையே புரட்டிப்போட்ட எண்கள் இவை.

ஆனால் எந்த மாதம், எந்தக் கிராமத்தில், எந்த விவசாயியின் கடன் கணக்கு நில வரவுக் கணக்காக மாறியது? அதற்கு முன்னால் எத்தனை தவணை பொறுத்தார்கள்? வட்டியைக் குறைத்தார்களா, ஏற்றினார்களா? ரங்கூனில் நடப்பு வட்டியை மாதாமாதம் மொகல் தெருக் கோயிலில் கூடி முடிவு செய்தார்கள் என்பது புத்தகங்களில் இருக்கிறது. அந்த முடிவு ஒரு சின்ன ஊர்க் கடையில் என்ன செய்தது என்பது பேரேட்டில்தான் இருக்கும். கடன் வாங்கிய மவுங் யார், ஜாமீன் நின்ற கோ யார் என்று பர்மிய விவசாயிகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்த ஏடுகள் இவை. பர்மாவின் வரலாற்றை எழுதுகிறவனும் ஒருநாள் காரைக்குடிப் பக்கம்தான் வந்தாக வேண்டும்.

இது கடன் கொடுத்தவன் எழுதிய கணக்கு, வாங்கியவன் குரல் இதில் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள், சரிதான். ஆனால் கொடுத்தவன் எழுதியதும் போய்விட்டால் இருவர் கதையும் சேர்ந்தே போகும்.

காகிதத்தைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு கவலை இல்லை. கறையான், மழை, பழைய பேப்பர் கடை எல்லாவற்றையும் தாண்டி எங்காவது கொஞ்சம் மிஞ்சும். படிக்க ஆள் இருக்குமா என்பதுதான் என் கவலை.

பழைய பக்கம் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். பிள்ளையார் சுழி இருக்கும். அதுவரை எல்லாருக்கும் தெரியும். அடுத்து ‘பிரமோதூத ௵’ என்றிருக்கும். அந்தக் குறி வருஷம். எந்த வருஷம்? அறுபது ஆண்டுச் சுற்றில் பிரமோதூத 1870-71லும் வரும், 1930-31லும் வரும். முதலாவது என்றால் தொழில் தளிர்த்த காலம், இரண்டாவது என்றால் நெல் விலை விழுந்த காலம். தாளையும் மையையும் விலாசத்தையும் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். விலாசம் என்றால் கடைப்பெயரின் முன்னெழுத்துகள்; அவற்றை வைத்தே அது யாருடைய ஐயா காலத்துக் கடை என்று குடும்பத்துப் பெரியவர் சொல்லிவிடுவார். பேரன் திணறுவான்.

கீழே தொகை. ‘௹ ௨௱௩௰௫’ என்று எழுதியிருந்தால் இருநூற்று முப்பத்தைந்து ரூபாய். சுழியம் கிடையாது, நூறுக்கும் பத்துக்கும் தனித்தனிக் குறி. வரவுக்கு ஒரு குறி, பற்றுக்கு ஒரு குறி, மேற்படிக்கு ஒரு குறி. மெய்யெழுத்துக்குப் புள்ளி பல இடங்களில் இருக்காது. குறில் நெடில் வேறுபாடும் எழுதுகிறவர் கைப்போக்கில்தான். வட்டி நூற்றுக்கு மாதம் ஒன்றே கால் ரூபாய் என்றால் 1-4-0, ஒரு ரூபாய் நாலு அணா. வருஷத்துக்குப் பதினைந்து சதவீதம் என்று நாம் காகிதத்தில் பெருக்கிப் பார்க்கிறோம். கடையில் வேலை பழகிய பெட்டியடிப் பையன் அதை மனசிலேயே போட்டான். முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரி வரை, அதற்கும் கீழே கீழ்முந்திரி வரை, எண்சுவடியைத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நெட்டுரு போட்டவன் அவன். அந்தப் பிள்ளைகளுக்கு அந்த வயதில் இருந்த கணக்குத் திறமையை நினைத்தால் இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது.

1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. ரூபாயில் பதினாறில் ஒன்றான அணா போனது. அதோடு மாகாணி, அரைக்கால் போன்ற பின்னங்களுக்குக் கடைத்தெருவில் வேலை இல்லாமல் போயிற்று. அந்தக் கணக்கைப் புழக்கத்தில் கற்ற கடைசித் தலைமுறைக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். வீட்டுக்கு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து வரிவரியாக வாசித்துக் காட்டக்கூடிய ஐயாக்களும் அப்பத்தாக்களும் ஊருக்கு ஒருவர் இருவர்கூட இல்லை.

ஸ்கேன் செய்துவிட்டால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். போதாது. படம் எடுப்பது தாளைக் காப்பாற்றும், அவ்வளவுதான். கணினியில் இந்தக் குறிகளுக்கு இடமும் கிடைத்துவிட்டது. நாள், மாதம், வருஷம், வரவு, பற்று போன்றவை 2003லும், பின்னக் குறிகளும் வேறு பல பழங்கணக்குக் குறிகளும் 2019லும் யுனிகோடில் சேர்ந்தன. எழுத்துரு இருந்து என்ன? கையெழுத்தை இயந்திரம் படிக்க வேண்டுமானாலும், முதலில் ஒரு மனிதர் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான வரிகளை வாசித்துக் கொடுக்க வேண்டும். கல்வெட்டு படிக்கப் பட்டயப் படிப்பு வைத்திருக்கிறோம். சுவடி படிக்கப் பயிற்சி தருகிறோம். நூறு வருஷத்துக் கணக்கேட்டைப் படிக்கவும் அதேபோல் சொல்லித்தர வேண்டாமா? இன்னும் பத்து வருஷம் தாமதித்தால் சொல்லித்தர ஆசிரியரே கிடைக்க மாட்டார்.

குடும்ப ரகசியம் வெளியே போய்விடும் என்ற தயக்கம் வீட்டுக்காரர்களுக்கு உண்டு, அது நியாயமானதும்தான். எந்தப் பகுதியைத் திறப்பது, எதை மூடிவைப்பது என்று அவர்களே முடிவு செய்யட்டும். பெரிய சிக்கல் பங்கு. வளவு வீட்டில் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு தம்பதிக்கும், ஓர் அறை. ஏடுகளோ எல்லாருக்கும் பொது. பங்காளி ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில், ஒருவர் அமெரிக்காவில். எல்லாரும் கூடுவது கல்யாணத்துக்கும் முன்னோருக்கு வைக்கும் படைப்புக்கும்தான். அப்போது கணக்கேட்டைப் பற்றிப் பேச யாருக்கு நேரம்?

முடியாத காரியம் இல்லை இது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, மற்றவர்கள் தூக்கி எறிந்த நோட்டீஸையும் அழைப்பிதழையும்கூடச் சேர்த்து வைத்தார். 1992ல் அவர் மறைந்த பிறகு அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, தமிழ்நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகாமல், சென்னையில் நூலகமாக்கியது. டேவிட் ருட்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் நகரத்தார் வாணிகத்தைப் பற்றி 1994ல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது இதன் அருமை.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு மூட்டை இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். அடுத்த படைப்புக்குப் பங்காளிகள் கூடும்போது ஒரே ஒரு பேரேட்டைக் கீழே இறக்குங்கள். வீட்டில் மூத்தவரை உட்காரவைத்து ஒரு பக்கமாவது உரக்க வாசிக்கச் சொல்லி, செல்போனில் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவையும் அந்தப் பக்கத்தின் படத்தையும் பக்கத்துக் கல்லூரியின் வரலாற்றுத் துறைக்குக் கொடுங்கள். படிக்கத் தெரிந்தவர் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.