தெளிந்த நீரும் தூய நீரும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் கேழ்வரகும் பயிரிடுவர். சுனையும் ஓடையும் கிணறும் அவர்களுக்கு நெடுங்காலமாக நீர் வழங்கி வருகின்றன. மலைநீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும், நாவிற்கும் இனிக்கும். எனினும், தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகிவிடாது.

நிலத்துள் இறங்கும் மழைநீரை மண் வடிகட்டுகிறது. பாறைப்பாங்கான இடங்களில் மண்படலம் மெல்லியதாக இருப்பின், நீர் பாறை வெடிப்புகளின் வழியே விரைந்து கிணற்றை அடையும். தொழுவத்தின் அழுக்கும் திறந்தவெளிக் கழிவும் அதனுடன் செல்லும். அவற்றிலுள்ள கிருமிகள் வயிற்றுப்போக்கு, வாந்திபேதி, குடற்காய்ச்சல் ஆகியவற்றை விளைவிக்கும். இவற்றால் பெரிதும் வாடுவோர் பச்சிளங் குழந்தைகளே.

1854ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் வாந்திபேதி பரவியபோது, பிராட் தெருக் குழாய்க் கிணற்றின் நீரே அதற்குக் காரணம் என்று ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் கண்டறிந்தார். அந்நீரின் சுவையை விரும்பிய ஒரு கைம்பெண், தொலைவில் வாழ்ந்தும் அதனை நாள்தோறும் வருவித்துப் பருகி வந்தார். அவரும் அந்நோய்க்கு இரையானார். கண்ணும் நாவும் நீரின் தூய்மைக்குச் சான்றாகா என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

குடிநீர் 100 மில்லிலிட்டரில் மலக்குடற் கிருமியாகிய ஈ. கோலை ஒன்றேனும் இருத்தலாகாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதி. இதனை ஆய்வகத்தில் அறியக் கிருமி நீக்கிய புட்டியில் நீரை எடுத்து, குளிர்ச்சியில் வைத்து, ஒரு நாளுக்குள் சேர்ப்பித்தல் வேண்டும். மலையூர்களுக்கு இஃது எளிதன்று. இத்தகைய இடங்களுக்கு ஏற்றதோர் எளிய முறையை மஞ்சா, மௌரியா, ராவ் என்னும் இந்திய அறிவியலார் 1982இல் வெளியிட்டனர். மருந்தூட்டிய தாள் இட்ட சிறு புட்டியில் குறித்த அளவு நீரை நிரப்பி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்தல் வேண்டும். மலக்கழிவோடு வரும் கிருமிகள் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவை உண்டாக்கும். அது தாளிலுள்ள இரும்புச்சத்தோடு கூடிக் கறுக்கும். புட்டி கறுத்தால் அந்நீர் ஐயத்திற்குரியது. குளிர்காலத்தில் கிருமிகள் மெல்லப் பெருகுமாதலின், இரண்டு நாள் பொறுத்தே முடிவு செய்தல் நன்று.

புட்டி கறுக்காமை ஒன்றே போதிய சான்றன்று. ஃபுளோரைடு, நைட்ரேட்டு முதலிய உப்புகளை அது காட்டாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வகச் சோதனையும், மழைக்குப் பின் கிருமிச் சோதனையும் செய்தல் வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் இப்பணிக்கு உதவும்.

கிருமி உண்டெனத் தெரிந்தால், நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பருகுதல் வேண்டும். கிணற்றில் உரிய அளவு சலவைத்தூள் இட்டு, மீண்டும் சோதித்தல் வேண்டும். எனினும் கொதிக்கவைத்தலால் உப்புகள் நீங்கா. அவை மிகுந்தவிடத்து வேறு நீர்நிலையை நாடுதலே வழி. கிணற்றுக்குச் சுற்றுச்சுவரும் மேடையும் அமைத்து, கழிப்பிடத்தைக் குறைந்தது 15 மீட்டர் தள்ளி அமைத்தல் நலம்.

ஊர்ப் பொதுக்குழாயின் நீரைச் சோதிக்க அரசு உண்டு. தனியார் கிணற்றுக்கு அதன் உரிமையாளரே காவலர். அண்டை வீட்டாரும் வழிப்போக்கரும் அவரை நம்பியே அந்நீரைப் பருகுகின்றனர். தன் கிணற்றில் குறை உண்டென அறிதல் இழுக்கன்று. அறிய முயலாதிருத்தலே இழுக்கு.