ஓடாத டயருக்கும் வயதாகிறது

பழைய கார் விற்பவர்கள் பெருமையாகச் சொல்லும் ஒரு வாசகம் உண்டு: "சிங்கிள் ஓனர் வண்டி சார். அவங்க வெளிநாட்டுல இருக்காங்க, வண்டி ஷெட்டுலயேதான் நின்னுது. டயர்கூட கம்பெனியில வந்ததுதான், பட்டன் அப்படியே இருக்கு பாருங்க." வாங்க வந்தவர் குனிந்து பார்க்கிறார். பட்டன் உண்மையிலேயே அப்படியே இருக்கிறது. அந்த வண்டி 2015 மாடல் என்றால், அவர் காதில் விழுந்தது நல்ல செய்தி அல்ல, எச்சரிக்கை. நான்கு டயரும் பத்து ஆண்டுக் கிழம் என்பதைத்தான் விற்பவர் தம்மை அறியாமல் சொல்லியிருக்கிறார்.

டயரைச் செருப்புபோல நினைப்பதால் வரும் மயக்கம் இது. நடந்தால் தேயும், நடக்காவிட்டால் புதுசு என்று கணக்குப் போடுகிறோம். ரேஷன் கார்டைச் சுற்றிப் போட்ட ரப்பர் பேண்டை நான்கு வருடம் கழித்து இழுத்துப் பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். அது யாருக்கும் உழைக்கவில்லை. ஆனாலும் பிசுபிசுத்துப் போயிருக்கும், அல்லது தொட்டதும் அறுந்துவிடும். ரப்பரைத் தின்பது காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஓசோனும். வெப்பமும் வெயிலும் அந்த வேலையை விரைவாக்குகின்றன. இதற்காகத்தான் டயர் செய்யும்போதே ரப்பரில் மெழுகும் ஓசோன் தடுப்பு வேதிப்பொருளும் கலக்கிறார்கள். சக்கரம் உருண்டு டயர் நெளிய நெளிய இவை உள்ளிருந்து கசிந்து மேற்பரப்பில் படலமாகப் படியும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் அந்த நெளிவு இல்லை, புதுப்படலமும் சரியாக ஏறுவதில்லை. பக்கச் சுவரில் தலைமுடி கனத்தில் வெடிப்பு ஓடத் தொடங்குவது அதன் பிறகுதான். கண்ணுக்குத் தெரியும் வெடிப்பாவது பரவாயில்லை. டயருக்குள் அடைத்த காற்றின் ஆக்சிஜன் மெல்ல மெல்ல ஊடுருவி, எஃகுக் கம்பி அடுக்குகளைப் பிடித்துவைத்திருக்கும் ரப்பரை உள்ளேயே இறுக வைக்கிறது. அந்தப் பிடி விட்டால் நெடுஞ்சாலை வேகத்தில் மேல்பட்டை உரிந்து வரும். முன்கூட்டியே அதை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது.

"இதெல்லாம் டயர் விற்கக் கட்டிய கதை" என்று ஒரு பதில் வரும். நியாயமான சந்தேகம்தான். ஆனால் அமெரிக்காவில் டயர் உற்பத்தியாளர் சங்கமே வயது வரம்பை நெடுங்காலம் எதிர்த்து வந்தது. வயதைப் பற்றிப் பேசியது அரசு. அந்நாட்டின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2007-இல் நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில், 2002 முதல் 2006 வரை ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்துக்கு வந்த டயர் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளை ஆராய்ந்தது. அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் 27 சதவீதம் பேர் டெக்சாஸ், அரிசோனா, ஃபுளோரிடா போன்ற ஐந்து வெப்ப மாநிலங்களில் இருந்தார்கள்; கோரிக்கைகளில் 77 சதவீதம் அங்கிருந்து வந்தவை. அவற்றில் 84 சதவீதம் ஆறு வயதைத் தாண்டிய டயர்கள். அரிசோனா வெயிலைப் படிக்கும்போது வேலூர் நினைவுக்கு வராமல் போகாது.

பிரிட்டன் இந்தப் பாடத்தை உயிர் கொடுத்துக் கற்றது. 2012 செப்டம்பரில் இசைவிழா முடிந்து திரும்பிய ஒரு பேருந்தின் முன்டயர் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது பத்தொன்பதுக்கு மேல்; பேருந்தைவிடவே மூத்தது. பட்டன் போதிய ஆழத்தில் இருந்ததால் அன்றைய சட்டப்படி அதில் குற்றமில்லை. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2021 பிப்ரவரி முதல் லாரி, பேருந்துகளின் முன்சக்கரங்களில் பத்து வயது தாண்டிய டயருக்கு அங்கே தடை வந்தது. நம் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94-ஆவது விதி கார் டயருக்குக் கேட்பது 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழம். ஷெட்டில் நின்ற வண்டி அந்தச் சோதனையில் முதல் மதிப்பெண் வாங்கிவிடும். சிக்கலே அங்குதான்.

அதற்காக ஆறு வயதானதும் தூக்கி எறிய வேண்டுமா என்று கேட்டால், அப்படியும் இல்லை. எண்ணில் நிபுணர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. சில கார் நிறுவனங்கள் ஆறு ஆண்டு என்கின்றன. சில டயர் நிறுவனங்கள் ஐந்தாண்டுக்குப் பின் வருடாவருடம் ஆய்வு, அதிகபட்சம் பத்து என்கின்றன. நிழலில் வைத்த டயருக்கும் மொட்டை வெயிலில் நின்ற டயருக்கும் ஒரே வயது ஒரே பொருள் தராது என்பதால் இந்த வேறுபாடு. வைத்திருக்கும் விதம் முக்கியமாவதும் அதனால்தான்.

வெளிநாடு போகிறவர்கள் வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போவது, "வாரம் ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி வைங்க" என்பது. டயருக்கு அதனால் துளி பயன் இல்லை. ஒரு டன் எடை அதே நான்கு உள்ளங்கையளவு இடங்களில் அழுந்திக்கொண்டே இருக்கிறது. மாதம் 1 முதல் 2 பி.எஸ்.ஐ. வரை காற்று தானாக இறங்கும். வருடம் முழுக்க யாரும் தொடாத டயரில் 33 காற்று பாதிக்கு வந்திருக்கலாம். அப்படித் தொங்கிய டயரில் தரையில் பட்ட இடம் தட்டையாகி, வெயிலும் சேர்ந்தால் மீளாமலே போய்விடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காற்றைச் சரிபார்த்துப் பத்து கிலோமீட்டர் ஓட்டுவது உத்தமம். ஓட்ட ஆளில்லையென்றால் கையால் தள்ளிச் சக்கரத்தைக் கால் சுற்று நகர்த்தினாலும் போதும். பல மாதம் என்றால் நல்ல ஸ்டாண்டு கொடுத்து வண்டியைத் தூக்கி நிறுத்திவிடலாம். செங்கல் அடுக்கி நிறுத்தும் வேலை வேண்டாம். வண்டிக்குக் கவர் போட்டேனே என்பார்கள். பெரும்பாலான கவர்கள் பாதிச் சக்கரத்தோடு நின்றுவிடும். மாலை வெயில் நேராக டயரில்தான் விழுகிறது. பளபளப்புக்காகப் பெட்ரோலியம் கலந்த பாலிஷ் பூசுவது காப்பதற்குப் பதில் கெடுக்கும்.

கழற்றி வைக்கும் டயரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, வெளிச்சம் புகாத பையில் கட்டி வைக்கலாம். ரிம்மோடு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைப்பது, ரிம் இல்லாவிட்டால் நிமிர்த்தி நிறுத்தி மாதம் ஒருமுறை உருட்டி வைப்பது முறை. அடுக்கு வீடுகளில் வழக்கமாக இடம் கிடைப்பது ஜெனரேட்டர் அறையில். டீசல் கசிவும் சூடும் இருக்கும் அந்த அறையைவிட மோசமான இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். வெல்டிங் பட்டறைப் பக்கமும் ஆகாது. மின்பொறி ஓசோனை உண்டாக்கும். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் இதே வயதுக் கணக்குதான்.

வயதை அறிவது எளிது. டயரின் பக்கச் சுவரில் 'டிஓடி' என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். சில டயர்களில் இது உட்பக்கம் மட்டும் இருக்கும். கைபேசியை அடியில் நீட்டிப் படம் எடுத்தால் தெரிந்துவிடும். புது டயர் வாங்கும்போது ரிம்மில் ஏற்றும் முன்பே இதைப் பார்த்து, அந்த எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்வது உங்கள் உரிமை. பழைய இருப்பைப் புதியது என்று தலையில் கட்டினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. காப்பீட்டை மட்டும் நம்ப வேண்டாம். வழக்கமான கார் பாலிசியில் டயர் தனியாகக் கெட்டால் பணம் வராது. வண்டியும் சேர்ந்து சேதமடைந்தால் டயர் விலையில் பாதிதான்.

மாற்றிய டயரைக் கடையிலேயே விட்டுவந்தால் அது மீண்டும் சாலைக்கு வரக்கூடும். பட்டன் இருக்கிறதே, கருப்புச் சாயம் அடித்தால் யாரோ ஒரு டெம்போக்காரருக்கு அது 'நல்ல டயர்'. பக்கச் சுவரை உங்கள் கண்முன்னே அறுத்துப் போடச் சொல்லுங்கள். பழைய டயர் மறுசுழற்சிக்குப் போக வேண்டும் என்பதற்காக 2022 முதல் உற்பத்தியாளர்மீதே பொறுப்பு சுமத்தும் விதி இருக்கிறது. மாடிக்குக் கொண்டுபோய்ப் போட்டால் ஐப்பசி மழையில் அதற்குள் தேங்கும் ஒரு டம்ளர் தண்ணீரில் பத்து நாளுக்குள் ஏடிஸ் கொசு வளர்ந்து பறக்கும்; தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். போகிக்கு எரிக்கலாம் என்று சேர்த்துவைப்பவர்களும் உண்டு. அந்தப் புகையை மார்கழிக் கடைசியின் பனி கீழேயே பிடித்துவைத்துக்கொள்கிறது, விடிந்தும் நெடுநேரம்.