பற்றி நிற்கும் உயிரணுக்கள்

அரிவாள்மணையில் விரலை அறுத்துக்கொள்ளாத இல்லத்தரசி உண்டோ? துணியைச் சுற்றிவிட்டு அடுப்படி வேலையைத் தொடர்வார்; சில நாள்களில் காயம் மூடிவிடும். அம்மூடுதலுக்குள் நடந்தேறும் வேலை பெரிது.

உயிரணுவொன்றை ஊட்டநீரோடு கண்ணாடித் தட்டில் விட்டால், முதலில் உருண்டையாகவே கிடக்கும். சற்று நேரத்தில் அதன் ஓரம் மெல்லிய தகடாக நீளும். பின்னர், கல்லில் வார்த்த தோசைமாவுபோல் அணு முழுவதும் பரவிவிடும். மாவைப் பரப்பக் கரண்டி வேண்டும். அணுவுக்கோ அக்கரண்டி உள்ளேயே இருக்கின்றது. அதுவே 'ஆக்டின்' என்னும் புரதம். 1942-இல் ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஸ்ட்ராப் இதனைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தார். மற்ற அணுக்களிலும் இஃது உண்டென்பது பின்னரே தெளிவாயிற்று. இதன் நுண்மணிகள் கோவையாகச் சேர்ந்து இழையாகி, அணுவின் சவ்வை முன்னோக்கி உந்துகின்றன.

உந்தினால் மட்டும் போதாது. ஊன்றிக்கொள்ளப் பிடியும் வேண்டுமன்றோ? சவ்வை ஊடுருவி நிற்கும் 'இன்டெக்ரின்' வெளியே தரையிலுள்ள புரதத்தைப் பற்றுகின்றது. உள்ளே 'டாலின்' வழியாக ஆக்டின் இழையோடு இணைகின்றது. என்னை வியக்க வைத்தது இனிமேல்தான். இழுபடும் டாலினின் மடிப்புகள் விரிய, அவ்விடத்தில் 'வின்குலின்' வந்து ஒட்டிக்கொண்டு மேலும் பல இழைகளைப் பிணைக்கின்றது. பாரம் கூடினால் கயிறு அறும் என்பதே நாம் கண்டது. இங்கோ இழுக்க இழுக்கப் பிடி இறுகுகின்றது!

தோலின் அடியணுக்களில் 'கெராட்டின்' என்னும் வலிய இழையும் உண்டு. அஃது அணுவைத் தாங்கி, கீழுள்ள படலத்தோடு தைத்து வைக்கின்றது. பிறவியிலேயே இவ்விழையோ அத்தையலோ பழுதுபட்ட குழந்தைகள் உண்டு. தூக்கி அணைத்தாலே தோல் கொப்புளித்து உரியும். மேனாட்டார் இவர்களைப் பட்டாம்பூச்சிக் குழந்தைகள் என்பர். பெற்றோர் செய்த பாவம் என்று முணுமுணுக்கும் நாவுகள் நம்மிடையே உள. பிறவிக் குருடனைக் குறித்துச் சீடர் கேட்டபோது ஆண்டவர் மறுத்த கருத்து அது. கெராட்டின் மரபணுவின் பிழையே இந்நோயின் ஒரு வகைக்குக் காரணமென 1991-இல் கண்டறியப்பட்டது. இது தொற்றுநோயன்று, அக்குழந்தையின் அருகில் செல்ல எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

2015-இல் ஜெர்மனியின் போஹூம் நகர மருத்துவமனையில், இந்நோயின் வேறொரு வகையால் உடற்தோலில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை இழந்த ஏழு வயதுச் சிறுவன் உயிருக்குப் போராடினான். அவனிடம் பழுதுற்றிருந்தது 'லாமினின்' என்னும் தரைப்புரதம். அணுக்கள் பற்ற வந்தும் பற்றுமிடம் இல்லை. இத்தாலியின் மொதேனாப் பல்கலைக்கழகத்தார், அவனிடமிருந்து எடுத்த சிறு தோல் துண்டின் அணுக்களில் நல்ல மரபணுவைச் சேர்த்து, தாள் தாளாக வளர்த்து அனுப்பினர். மருத்துவர்கள் அவற்றை அவன் உடலில் போர்த்தினர். அணுக்கள் பற்றிக்கொண்டன. 2016-இல் சிறுவன் வீடு திரும்பினான். ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அத்தோல் உரியாது உறுதியாக இருப்பதாக 2021-இல் மருத்துவர்கள் எழுதினர்.