கண்ணுக்கும் காற்று வேண்டும்

சென்ற வருடம் வெள்ளவத்தையில் சாச்சியின் மகளுக்குக் கல்யாணம். விருந்து முடிந்து கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு வர இரவு ஒரு மணி தாண்டிவிட்டது. களைப்பில் கொன்டக்ட் லென்ஸைக் கழற்றாமலேயே படுத்துவிட்டேன். சுபஹுக்கு உம்மா எழுப்பியபோது வலது கண்ணைத் திறக்க முடியவில்லை. மணல் விழுந்ததுபோல் உறுத்தல். விளக்கு வெளிச்சம்கூடக் குத்தியது. லென்ஸைக் கழற்றியும் வலி தீரவில்லை. காலையிலேயே வாப்பா கண் வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். விழியில் சிறு புண். மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விட்டு, இரண்டு வாரத்தில் அல்லாஹ்வின் உதவியால் சுகமானது. தாமதித்திருந்தால் தழும்பு விழுந்து பார்வை மங்கியிருக்கலாம் என்றார் வைத்தியர்.

ஓர் இரவில் அப்படி என்ன நடக்கிறது?

கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் இருப்பது விழிவெண்படலம். ஒளி தடையின்றிச் செல்வதற்காக அதில் இரத்தக் குழாய்களே இல்லை. ஆகவே, தனக்கு வேண்டிய ஒட்சிசனைப் பெரும்பாலும் கண்ணீரில் கரையும் காற்றிலிருந்தே அது பெறுகிறது. இமை மூடினால் கிடைப்பது ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான். இடையில் லென்ஸும் இருந்தால் அது இன்னும் குறையும். படலம் வீங்கி, அதன் மேற்பரப்பு பலவீனமாகும். இமைக்காததால் கண்ணீர் கிருமிகளைக் கழுவி அகற்றுவதும் குறைகிறது. லென்ஸில் சூடோமோனாஸ் போன்ற பற்றீரியா ஒட்டியிருந்தால், ஓரிரு நாளிலேயே புண் பெரிதாகிவிடும்.

1989இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றின்படி, பகலில் மட்டும் அணியும் மென் லென்ஸ் பாவிப்போரில் வருடத்துக்கு 10,000 பேரில் சுமார் 4 பேருக்கு இத்தகைய புண் வந்தது. இரவிலும் அணியவென்றே தயாரித்த லென்ஸ் பாவிப்போரில் அது சுமார் 21 பேர்.

குழாய்த் தண்ணீரிலும் ஆபத்துண்டு. அதில் வாழக்கூடிய அக்கந்தமீபா என்ற நுண்ணுயிர் விழியைக் கடுமையாகத் தாக்கும். லென்ஸைத் தண்ணீரிலோ எச்சிலிலோ கழுவக் கூடாது. அதற்குரிய திரவத்தையே பாவிக்க வேண்டும். வுழூவில் கண்ணுக்குள் நீர் செலுத்துவது கடமையல்ல. கண்ணை மூடியே முகம் கழுவலாம்.

தோழிகளே, கல்யாண வீடுகளுக்கு வாங்கும் கலர் லென்ஸை ஒருவருடையதை மற்றவர் அணியாதீர்கள். பெற்றோர்களே, பிள்ளையின் கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தில் கூசினால் லென்ஸைக் கழற்றச் செய்து, அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். வீட்டிலிருக்கும் பழைய சொட்டு மருந்தை விடாதீர்கள்.

1961இல் டொக்டர் ஹட்சன் சில்வா ஆரம்பித்த இலங்கை கண் தான சங்கம், இறந்தவர்களின் விழிவெண்படலங்களைக் கொழும்பிலிருந்து பல நாடுகளுக்கும் அனுப்பி வருகிறது. அந்த மெல்லிய படலத்துக்காக எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். நமக்கோ அல்லாஹ் அதை அமானிதமாகத் தந்திருக்கிறான். அதைக் காக்க, படுக்குமுன் இரண்டு நிமிடம் போதும்.